படல் சாத்தாத வழி

செப். 22, ஞாயிறு

விடிகாலையில் தூறல். ஆறு மணிக்கு விட்டது. பனி மட்டும் மிச்சம். சைக்கிளை ஹாலிலிருந்து உருட்டும்போதே செல்வம் போர்வைக்குள் இருந்து குரல் கொடுத்தார்.

"இந்தக் குளிர்லயுமா? தார் ரோட்டை விட்டுட்டு மண்ணைத் தேடிப் போற பொம்பள இந்த ஓசூர்லயே நீ ஒருத்திதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருடைய கோவில்பட்டிக் கேலி குறையவில்லை. கீழே இறங்கிய பிறகுதான் நல்ல பதில் தோன்றியது. வழக்கம்தான்.

எடுத்தது: தண்ணீர் இரண்டு பாட்டில், கடலை மிட்டாய், ஸ்பேர் டியூப், கைப்பம்பு. மறந்தது: கைக்குட்டை. வழியெல்லாம் மூக்கு ஒழுகல்.

தளி ரோட்டில் கொஞ்ச தூரம் லாரி, கம்பெனி பஸ், காய்கறி டெம்போ. அப்புறம் இடப்பக்கம் மண் பாதை. இறங்கியதும் காது திறந்துகொள்ளும். டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. வாரம் முழுக்க பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறவளுக்கு இது போதும். இந்த ஒன்றரை மணி நேரம் இல்லையென்றால் யாரையாவது கடித்து வைத்திருப்பேன்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் ரத்னம்மாக்காவின் சாமந்தித் தோட்டம். தோட்டத்து ஓரமாக ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு வழி. பொது வழி இல்லை, அவர்கள் பட்டா நிலம். ஆனால் ஊரே அதில்தான் போகும். தடுத்தது கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். இரண்டு முனையிலும் மூங்கில் படல் இருக்கிறது. திறந்தவர் மறுபடி சாத்தி, கயிறு கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். ஏரிக்குள் ஊர் மாடுகள் மேய்கின்றன. போன வருஷம் முதல் தடவை நான் வந்தபோது தெரியாமல் திறந்துபோட்டுப் போக, அக்கா தோட்டத்து நடுவிலிருந்து "படலு! படலு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அதிலிருந்து எனக்கும் அது கைப்பழக்கம்.

இன்றைக்கும் வரப்பில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயா என்று கேட்பது மட்டும் எப்போதும் கன்னடத்தில்தான். மற்றதெல்லாம் தமிழ். மாட்டைத் திட்டுவது தெலுங்கில்.

"இல்லக்கா, வீட்டுக்குப் போய்த்தான்."

"வெறும் வயித்துல இத மிதிச்சினு வர்றியே, மயக்கம் வந்து உழுந்தா யாரு தூக்கறது?" மடியிலிருந்து இரண்டு கொய்யா. ஒன்று அணில் கடித்தது. அதுதான் இனிப்பு என்று அதையே முதலில் தின்ன வைத்தார்.

மொட்டு நெருக்கமாக நின்றது. அக்காவுக்கு முகமெல்லாம் பூ. "போன வருசம் மழைல அழுவிப் போச்சு. இந்த வாட்டி ஆயுத பூஜைக்கு சரியா வந்துடும். வித்தா வூட்டு மேல ஷீட் மாத்தணும்மா. மழ வந்தா நான் ஒரு மூலையில, மாதேசு ஒரு மூலையில படுக்கறோம்." மாதேஷ் அவர் மகன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்து வந்து தோட்டத்துக்கு மருந்து அடிப்பான்.

மாலை: இதுவரை என் ரைடுகளை எல்லாம் சைக்கிள் ஆப்பில் 'எனக்கு மட்டும்' என்றே வைத்திருந்தேன். இன்று இந்த வழியை எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டேன். காரணம் ரோஷம். போன வாரம் அதே ஆப்பில் பெங்களூர்க்காரர் ஒருவர், ஓசூரில் லாரியைத் தவிர என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் அது உள்ளே குடைந்தது. பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்று, கூடவே இங்கிலீஷில் நாலு வரி. மேடு எங்கே, சறுக்கல் எங்கே, முள் எங்கே, துரத்துகிற நாய் எந்த வளைவில், எல்லாம் குறித்திருக்கிறேன். எழுதி முடித்து நானே நாலு தடவை படித்துக்கொண்டேன்.

செப். 24, செவ்வாய்

ஏ ஷிப்ட். குளிர். ஒரு லாட் முழுக்க ரிஜெக்‌ஷன். துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. ஆபரேட்டர் பையன் டிராயிங்கைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், டிராயிங்கே பழசு. அவனைத் திட்டிவிட்டு அப்புறம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தால் லைக் கொட்டிக் கிடக்கிறது. "இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வழியா!" "நிஜமாகவே வண்டி வராதா?" ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். வராது, ஒன்றுமே வராது. பெங்களூர்க்காரரும் வந்து கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை போட்டிருந்தார். ஜெயித்த மாதிரி இருந்தது. சாம்பார் ஆறிவிட்டது.

வாங்க: சங்கிலி எண்ணெய், உளுந்து, செல்வத்துக்கு இருமல் மருந்து.

செப். 29, ஞாயிறு

லேசான வெயில். சைக்கிள் விடுவதற்கென்றே செய்த நாள். ஆனால் ஆடிட் வருகிறது, ஞாயிறும் டியூட்டி. நாள் முழுக்க பேப்பருக்குள் தலை.

இரவு சாப்பிட்டுவிட்டு ஆப்பைத் திறந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய குழு என் வழியில் போயிருக்கிறது. படங்கள். ஏரிக்கரையில் வரிசையாக நின்று. சாமந்தித் தோட்டத்துக்கு முன்னால் கை தூக்கி. ஒருத்தன் ஹெல்மெட்டில் பூ சொருகிக்கொண்டு. சிரித்தேன். நான் போகாத நாளில் என் வழியில் இத்தனை பேரா என்று சின்னப் பொறாமை. செல்வத்திடம் காட்டினேன்.

"பெரிய ஆளாயிட்ட. இனி சுங்கச்சாவடி வச்சிரு."

சந்தோஷமாகத்தான் தூங்கப் போகிறேன்.

அக். 2, புதன்

லீவு. மூடாப்பு. காற்றில் ஈரம்.

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

ஏரிக்கரைப் பக்கத்துப் படல் கீழே கிடந்தது. கயிறு தனியாக. தோட்டத்தைப் பார்த்ததும் காலை ஊன்ற மறந்து சைக்கிளோடு சாய்ந்தேன். முக்கால்வாசிச் செடி இல்லை. மாடு தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். சொட்டுநீர்க் குழாயெல்லாம் பிய்ந்து மேலே கிடந்தது. மொட்டு மண்ணில் புதைந்து, பாதி விரிந்து, கறுத்து.

அக்கா ஓரமாக உட்கார்ந்து தப்பியதைப் பறித்துக்கொண்டிருந்தார். கூடை அடி மறைகிற அளவுதான். என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காலைல ஒரு கும்பலு வந்தாங்கம்மா. ஒன்ன மாதிரியே தொப்பி, ஒன்ன மாதிரியே சைக்கிளு. நான் அன்னிக்கி அஞ்செட்டியில சாவுக்குப் போய்ட்டேன். மாதேசு நைட்டு ஷிப்டு முடிச்சினு வந்து தூங்கினு இருந்தான். ரெண்டு படலையும் தொறந்து போட்டுட்டுப் போய்ட்டாங்க. மாட்டுக்கு என்னா தெரியும்? அதுங்க பாட்டுக்கு வந்துடுச்சு."

"யாரும் பாக்கலையாக்கா?"

"எதிர்த் தோட்டத்துல பாத்துட்டு ஓடி வந்தாங்க. அதுக்குள்ள முடிஞ்சிச்சு."

நான்தான் அவர்களுக்கு வழி காட்டினேன் என்று சொன்னேன். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் பூப் பறித்துக் கொடுத்துவிட்டு, குழாயை இழுத்துப் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு சொன்னேன். அக்காவுக்குப் புரியவில்லை. "நீ கூட்டினு வந்தியா?" இல்லக்கா, போனில் போட்டேன். "போன்ல போட்டா எப்டி வருவாங்க?" விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கேவலமாக இருந்தது.

மாதேஷ் வந்தான். அவனுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது. ஈடாக நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாங்க மேடம். அந்த வழிய போன்லருந்து எடுத்துடுங்க. அது போதும்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக். 3, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வழியை அழித்தேன். என் பக்கத்தில் போய்விட்டது. ஆனால் சேமித்து வைத்தவர்களிடம் அப்படியே இருக்கும். அவர்கள் ஓட்டியது அவர்கள் பேரில் தனி வழியாக நிற்கிறது. அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. மாதேஷ் கேட்ட ஒரே ஒரு காரியம். அதுவும் என் கையில் இல்லை.

பெங்களூர்க் குழுத் தலைவருக்கு எழுதினேன். காரமாகத்தான் எழுதினேன். அடுத்தவர் நிலத்தில் போகும்போது படலைச் சாத்த வேண்டும் என்கிற அடிப்படைகூடத் தெரியாதா என்று. மதியம் பதில் வந்தது. மிக மரியாதையாக.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். எங்க வழிய அழிச்சிடறோம். ஆனா நீங்க நாய் இருக்குன்னு கூடப் போட்டிருந்தீங்க. படல் இருக்குன்னு போடலையே. திறந்துதான் இருக்கும் போலன்னு நினைச்சிட்டோம்."

ஆடிட்காரர் ஏதோ ஃபைல் கேட்டார். வேறு ஃபைலை எடுத்துக் கொடுத்தேன்.

இரவு செல்வம்: "நீயா போய் மாட்டை அவுத்து விட்ட? விடு." ஆறுதலுக்குத்தான் சொன்னார். எரிச்சல் வந்தது. அவரிடம் காட்டினேன். இருமல் மருந்து வாங்கவில்லை, அதையும் சொல்லிக் காட்டவில்லை பாவம்.

அக். 5, சனி

மழை. பாதியில் நின்றது.

கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்கச் சொல்வோம். நான்தான் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கிறவள். டீ நேரத்தில் எனக்கே போட்டுப் பார்த்தேன்.

ஏன் மாடு உள்ளே போனது? படல் திறந்திருந்தது.
ஏன்? போனவர்கள் சாத்தவில்லை.
ஏன்? சாத்த வேண்டும் என்று தெரியாது.
ஏன்? நான் எழுதவில்லை.
ஏன்?

இங்கே பேனா நின்றுவிட்டது. கைப்பழக்கமாகிவிட்டதால் தோன்றவில்லை என்று எழுதலாம். பாதி நிஜம். சறுக்கல், முள், நாய் எல்லாம் சைக்கிளுக்கும் சைக்கிள்காரனுக்கும் வருகிற ஆபத்து. அதெல்லாம் மறக்காமல் ஞாபகம் வந்திருக்கிறது. எங்களால் அந்த நிலத்துக்கு ஆபத்து வரும் என்று ஒரு வரிகூடத் தோன்றவில்லை. வாரா வாரம் அந்த அம்மா கையால் வாங்கித் தின்றுவிட்டு.

பேப்பரைக் கிழித்துப் போட்டேன். ஆபரேட்டர் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மேடம், ரிஜெக்டா?" ஆமாம் என்றேன்.

அக். 6, ஞாயிறு

பனி கெட்டி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

சைக்கிள் விடப் போகவில்லை. போய் நிற்கப் போனேன். ஏரிக்கரைப் படலைக் கட்டிவிட்டு அதன் முன்னால் நின்றேன். அட்டையில் 'வழி இல்லை' என்று மூன்று மொழியில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கன்னடம் பக்கத்து வீட்டு டீச்சரைக் கேட்டு எழுதியது. ஈரத்தில் மை வழிந்து மூன்றும் ஒரே மொழியாகிவிட்டது.

மாதேஷ் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தான்.

"இங்க ஏன் மேடம் நிக்கிறீங்க?"

"யாராவது வந்தா திருப்பி அனுப்பலாம்னு."

"எத்தன ஞாயித்துக்கெழம நிப்பீங்க?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேர் சைக்கிளில் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். சின்னப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். இது தனியார் நிலம், போக முடியாது என்றேன். ஒருத்தன் போனை நீட்டினான். "இல்ல ஆன்ட்டி, இதுல போட்டிருக்காங்க பாருங்க." நான் எழுதியது. அழித்ததுதான், யாரோ படமாக எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். என் பெயர் மேலேயே இருந்தது. அவனுக்கு அது நான்தான் என்று தெரியாது.

மாதேஷ் போனை வாங்கிப் படித்தான். உதடு மட்டும் அசைந்தது. அதற்குள் அக்காவும் வந்து நின்றுவிட்டார்.

"என்னாடா எழுதிக்கிது?"

மாதேஷ் என்னை ஒரு தடவை பார்த்தான். சொல்லாமல் விடுவான் என்று நினைத்தேன்.

"வழி நெடுக மனுசங்களே கெடையாது, ஒரு ஆளக்கூடப் பாக்க மாட்டீங்கன்னு போட்டுக்கிதும்மா."

அக்கா யோசித்தார். கோபம் எதுவும் தெரியவில்லை முகத்தில். என் பக்கம் திரும்பி, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"அப்ப நீ வர்றப்ப எல்லாம் நான் எங்கம்மா போயிருந்தேன்?"

அந்தப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் சாரி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நானும் போனேன். அவர்களுக்குப் பின்னாலேயே, கொஞ்சம் இடைவெளி விட்டு.

அந்த வரியை எழுதும்போது எவ்வளவு பெருமை எனக்கு. படிக்கிறவர்களுக்கு ஆசை வர வேண்டும் என்று யோசித்து யோசித்துப் போட்ட வரி.

அக். 10, வியாழன்

நாளை லீவு என்பதால் கம்பெனியில் இன்றே ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் விபூதி, சந்தனம், வாழைக்கன்று. பொரி பொட்டலம் ஆளுக்கு ஒன்று. பூசணிக்காய் உடைத்த இடத்தில் சூப்பர்வைசர் வழுக்கி விழப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாமந்தி மாலை மூட்டையாக வந்து இறங்கியது. அளவு பார்க்கிற மெஷினுக்கு மாலை போடுவது எப்போதும் நான்தான். "மேடம், நீங்க போடுங்க." போட்டேன். நல்ல பூ, பெரிய பூ, இறுகக் கட்டியிருந்தார்கள். பூ வந்த ஊரைக் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, அக்கா தோட்டத்திலிருந்து வரவில்லை. கற்பூரம் காட்டும்போது கண்ணில் நீர். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கையில் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டாயிற்று.

ஊர்க் கூட்டத்தில் ஏதோ முடிவு செய்திருக்கிறார்கள் என்று மாதேஷ் மெசேஜ் போட்டிருக்கிறான். என்ன என்று சொல்லவில்லை. ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு என்ன கொண்டுபோவது? ஸ்வீட் பாக்ஸ் அபத்தம். நாற்று? எந்த நர்சரி? வெறுங்கையோடு போவது இன்னும் அபத்தம்.

அக். 13, ஞாயிறு

வெயில். ஒரு வாரத்துக்குப் பின் முழு வெயில்.

வெறுங்கையோடுதான் போனேன். ஏரிக்கரை முடிகிற இடத்தில் படல் இல்லை. படல் இருந்த இடத்தில் ஜேசிபி வைத்துக் குறுக்கே பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஆளுயரம் இருக்கும். தோண்டிய செம்மண் இரண்டு பக்கமும் மேடாக. மாடும் தாண்டாது, சைக்கிளும் தாண்டாது. ஊர்க்காரர்கள் இனி பஸ் ஏற தார் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு வந்து, பள்ளத்தைப் பார்த்து, ஞாபகம் வந்தவளாக, முனகிக்கொண்டே திரும்பிப் போனாள். என்னைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று இருந்தது.

அந்தப் பக்கம் அக்கா. மிதிபட்ட செடியெல்லாம் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அடுத்து பீன்ஸ் போடுகிறார்களாம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"யாரு, நீயா? ஊட்டா ஆய்த்தா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"களி கிண்டி வச்சிக்கிறேன். கீரக் கொழம்பும் இருக்குது. சைக்கிள அங்கயே போட்டுட்டு எறங்கி வா. இந்த ஓரத்துல படி மாதிரி வெட்டிக்கிறான் பாரு, மாதேசு எனக்குன்னு வெட்டினது. கைய குடு, நான் புடிச்சிக்கிறேன்."

மேட்டின் மேல் ஏறி வந்து, இந்தப் பக்கமாகக் கையை நீட்டினார். மண் ஒட்டிய கை.

போயிருக்கலாம். அந்தப் படி நன்றாகத்தான் இருந்தது. நான் திரும்பி என் சைக்கிளைப் பார்த்தேன். யோசிக்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"சைக்கிள விட்டுட்டு எப்படிக்கா? யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "எடுத்தாலும் எடுத்துடுவாங்க."

இறங்கிப் போய் அடுத்த செடியைப் பிடுங்கினார்.